நம்ம பள்ளிக்கூடத்துக்காகப் பேசப் போவது யார்? சத்தமில்லாமல் முடியும் எஸ்எம்சி தேர்தலும் ஒரு கோரிக்கையும்

பிரசாரம் என்றால் என்ன என்று திண்டுக்கல்லுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தொடங்கிய கட்சி, 1973 மே மாதம் தன் முதல் தேர்தலைச் சந்தித்தது இந்த மக்களவைத் தொகுதியின் இடைத்தேர்தலில்தான். வேட்பாளர் மாயத்தேவர், சின்னம் இரட்டை இலை. அந்தச் சின்னம் முதன்முதலாக ஓட்டுக் கேட்டதும் ஜெயித்ததும் இங்கேதான். வார்டு கவுன்சிலர் தேர்தலானாலும், வியாபாரிகள் சங்கத் தேர்தலானாலும், கோயில் திருவிழாக் கமிட்டியானாலும் நம்ம ஊரில் பேச்சு இருக்கும், போட்டி இருக்கும், நோட்டீஸ் இருக்கும்.

ஆனால் ஊரில் உள்ள ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்க வேண்டிய ஒரு தேர்தல், பல இடங்களில் நடந்ததே தெரியாமல் முடிந்துவிடுகிறது. அதுதான் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் தேர்தல். சுருக்கமாக எஸ்எம்சி. இப்போதுள்ள குழுக்கள் 2024 ஆகஸ்டில் அமைக்கப்பட்டவை. இரண்டு வருடக் கணக்கு 2026 ஆகஸ்டில் முடிகிறது. அடுத்த குழுவாவது பேச்சும் கேள்வியும் போட்டியும் உள்ள ஒரு தேர்தலில் உருவாக வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில், எஸ்எம்சி என்றால் என்ன?

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 21ஆம் பிரிவு சொல்வது இது: அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் ஒரு மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பேர் அந்தப் பள்ளிக் குழந்தைகளின் பெற்றோர் அல்லது பாதுகாவலர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பின்தங்கிய, நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு விகிதாசாரப்படி இடம்.

2012இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு உதவிபெறும் பள்ளிகளில் இந்தக் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் வேலை மட்டும்தான். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தப் பிரிவே பொருந்தாது. ஆக, முழு அதிகாரத்தோடு எஸ்எம்சி இயங்குவது அரசு, உள்ளாட்சிப் பள்ளிகளில்தான்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்வோம். பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு, எஸ்எம்சி வேறு. கழகம் பல பத்தாண்டுகளாக இருக்கும் அமைப்பு. ஊர்ப் பெரியவர்கள், நன்கொடையாளர்கள் அதில் பொறுப்பில் இருப்பதைப் பார்த்திருப்போம். எஸ்எம்சி சட்டத்தால் வந்தது, பெற்றோருக்கானது.

தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் ரொம்ப காலம் பேருக்குத்தான் இருந்தன. 2022இல் அரசு அவற்றைப் புதிதாக அமைத்தது. 'நம் பள்ளி நம் பெருமை' என்ற பெயரில் அந்த ஆண்டு மார்ச் 20ஆம் தேதி மாநிலம் முழுக்க அரசுப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் நடந்தது. அப்போது குழுவுக்கு 20 பேர். 2024 மறுகட்டமைப்பில் அது 24 ஆனது. முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது. தலைவர் பொறுப்பு, பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்கும் ஒரு தாய்க்கு என்பது தமிழ்நாட்டின் நடைமுறை.

சரி, அந்தத் தலைவர் என்னதான் செய்வார்?

சட்டம் மூன்று வேலைகளைச் சொல்கிறது: பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரித்துப் பரிந்துரைப்பது, பள்ளிக்கு வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது.

காகிதத்தில் சாதாரணமாகத் தெரியும். நடைமுறையில் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு உதாரணம். 2022 ஜூனில், காலியாக இருந்த 13,331 ஆசிரியர் பணியிடங்களைத் தற்காலிகமாக நிரப்ப அரசு முடிவு செய்தது. அந்த நியமனத்தை எஸ்எம்சி மூலமாகத்தான் செய்யச் சொன்னது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் சம்பளம். விவகாரம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போனது, அரசு வழிகாட்டுதல்களை மாற்ற வேண்டி வந்தது. நம்ம பிள்ளைக்குக் கணக்கு எடுக்கப் போகிறவர் யார் என்பதில் கையெழுத்துப் போடும் இடத்தில் இந்தக் குழு உட்கார்ந்திருந்தது.

பணம்? ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டு மானியம் உண்டு. மாணவர் எண்ணிக்கை 30 வரை என்றால் 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம் என்பது திட்டத்தின் விதி. பெரிய தொகை இல்லைதான். ஆனால் உடைந்த குழாய், எரியாத பல்பு, கழிவறைக்கான பினாயில், கிழிந்த வரைபடம் எல்லாம் இதிலிருந்துதான். இந்தத் தொகையில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு சுத்தம் சுகாதாரத்துக்குப் போக வேண்டும் என்றும் விதி இருக்கிறது. போகிறதா என்று கேட்க வேண்டியவர் எஸ்எம்சி தலைவர்.

பள்ளிக்கும் ஊருக்கும் நடுவில் நிற்பவர்

சட்டத்தில் எழுதாத நாலாவது வேலை ஒன்றும் உண்டு. பள்ளிக்காக ஊரிடம் பேசுவது, ஊருக்காகப் பள்ளியிடம் பேசுவது.

அமெரிக்காவில் இது தனித் தொழில். பள்ளி மாவட்டங்கள் இதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கின்றன. அவர்களுக்கான தேசியப் பள்ளி மக்கள் தொடர்புச் சங்கம் 1935லேயே தொடங்கப்பட்டுவிட்டது. இந்தியாவில் மக்கள் தொடர்பாளர்களுக்கான பொதுவான சங்கம் 1958இல் வந்தது. பள்ளிகளுக்கென்று அப்படி ஒரு பதவி அரசு அமைப்பில் கிடையாது. மாவட்டத்துக்கு ஒரு செய்தி மக்கள் தொடர்பு அலுவலர் இருக்கிறார். கலெக்டர் எங்கே போனார், எந்தத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார் என்று அந்த அலுவலகத்திலிருந்து செய்தி வரும். வேடசந்தூர் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் என்ன நடக்கிறது என்று சொல்ல அங்கே ஆள் கிடையாது.

தனியார் பள்ளிக்கு இந்தப் பிரச்சினை இல்லை. மே மாதம் வந்தால் பழனி ரோடு, மதுரை ரோடு எங்கும் பிளக்ஸ் பேனர்தான். நூறு சதவீதத் தேர்ச்சி, ஏசி வகுப்பறை, வேன் வசதி, மாணவர் போட்டோ. அரசுப் பள்ளியில் ஒரு நல்ல ஆசிரியர் இருக்கிறார், காலையில் உணவு போடுகிறார்கள், நூலகம் திறந்திருக்கிறது என்பதை பக்கத்துத் தெருவுக்குச் சொல்ல யார் இருக்கிறார்கள்? தலைமை ஆசிரியர் இருக்கிறார். அவர் அடுத்த கலந்தாய்வில் வேறு ஊருக்கு மாறுதலாகிப் போய்விடலாம். ஊரிலேயே இருக்கப் போகிறவர் பெற்றோர்.

இது தமிழ்நாட்டுக்குப் புது யோசனையும் இல்லை. காமராஜர் ஆட்சியில், பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர் ஊராக நடத்தினார். ஊர்க்காரர்கள் பெஞ்சு, கடிகாரம், நிலம், கட்டடம் என்று கொடுத்தார்கள். 'பள்ளி நம்முடையது' என்று சொல்ல ஊரில் ஒருவர் முன்னால் நின்றார், மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டமும் அதே நம்பிக்கையில் உருவானதுதான். அதற்கு மாநில அளவில் தொழிலதிபர் வேணு சீனிவாசன் தலைவர், விஸ்வநாதன் ஆனந்த் தூதர். ஆனால் நத்தத்திலோ நிலக்கோட்டையிலோ உள்ள ஒரு பள்ளிக்குத் தூதர் யார்? எஸ்எம்சி தலைவராக இருக்கும் அந்த அம்மாதான்.

தேர்தல் இப்போது எப்படி நடக்கிறது?

எல்லாப் பள்ளிகளும் ஒரே மாதிரி இல்லை. உண்மையான போட்டி நடந்து, நல்ல தலைவர் கிடைத்த பள்ளிகள் உண்டு. ஆனால் பெற்றோர் பலருக்கும் பழக்கமான காட்சி வேறு. பிள்ளையிடம் ஒரு துண்டுச் சீட்டு வரும், அல்லது வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. கூட்டத்துக்குப் போனால் பெயர்ப் பட்டியல் ஏற்கெனவே தயார். "இவங்க இருக்கட்டும், எல்லாருக்கும் சம்மதந்தானே?" என்று கேட்பார்கள். பாதிப் பேர் கை தூக்குவார்கள், மீதிப் பேர் வாசலைப் பார்ப்பார்கள். ஒருமனதாகத் தேர்வு. டீ, பிஸ்கட், போட்டோ.

தேர்வானவர் யார் என்று பின்வரிசையில் இருந்தவருக்குத் தெரியாது. தான் என்ன பொறுப்பை எடுத்திருக்கிறோம் என்று சில நேரம் தேர்வானவருக்கே தெரியாது.

இதில் யாரையாவது குற்றவாளியாக்குவது எளிது. ஆனால் தலைமை ஆசிரியரின் நிலைமையையும் பார்க்க வேண்டும். அன்றே கூட்டம் நடத்தி, அன்றே செயலியில் விவரம் ஏற்ற வேண்டும். ஊரில் இரண்டு தரப்பு இருந்தால் பள்ளிக்குள் சண்டை வந்துவிடுமோ என்ற பயம். கட்சிக்காரர் யாராவது "நம்ம ஆள் பேரைப் போடுங்க" என்று சொல்லியிருக்கலாம். அமைதியாக முடிந்தால் போதும் என்று அவர் நினைப்பதில் ஆச்சரியம் இல்லை.

21ஆம் பிரிவில் தேடிப் பாருங்கள். பெற்றோரை எப்படித் தேர்ந்தெடுப்பது, யார் எப்படி ஆதரவு கேட்பது என்று ஒரு வரிகூட இல்லை. அந்த வெற்றிடத்தில் எது வசதியோ அது நடக்கிறது.

"பள்ளிக்கூடத்துல அரசியலா?"

பிரசாரம் என்ற சொல்லைக் கேட்டதும் வரும் முதல் எதிர்ப்பு இதுதான். பள்ளி வளாகத்துக்குள் கட்சியும் சாதியும் காசும் வந்துவிடும் என்பார்கள். இந்தப் பயத்தை அலட்சியம் செய்ய முடியாது. நம்ம மாவட்டத்துக் கிராமங்களில் ஒரு சின்னப் போட்டி எவ்வளவு சீக்கிரம் தெருவுக்கும் தெருவுக்குமான தகராறாக மாறும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் ஒரு கேள்வி. 'ஒருமனதாக' என்று முடியும் தேர்வில் சாதியும் கட்சியும் இல்லையா? பட்டியல் எழுதும்போதே அவை உள்ளே வந்துவிடுகின்றன, வெளியே தெரியாமல். கூட்டத்தில் கை தூக்காமல் வாசலைப் பார்த்த அந்த மீதிப் பேர் யார்? காலனியிலிருந்து வந்த அம்மா. மில்லில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தோடு வந்தவர். விடியற்காலை மல்லிகை பறித்து நிலக்கோட்டை மார்க்கெட்டுக்குக் கொடுத்துவிட்டு ஓடிவந்தவர். கட்டட வேலைக்கு வெளியூரிலிருந்து வந்து, பேச்சு பிடிபடாமல் நிற்பவர். விகிதாசாரப்படி இடம் தர வேண்டும் என்று சட்டம் சொன்னது இவர்களுக்காகத்தான். உறுப்பினர் பட்டியலில் இவர்கள் பெயர் ஏறிவிடும். தலைவராக யாராவது ஒருவர் முன்மொழிந்தால்தானே ஆக முடியும்? அதற்கு முன்கூட்டியே தெரிய வேண்டும், பேச வாய்ப்பு வேண்டும்.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் நியாயமானது. பிரசாரம் வைத்தால் நன்றாகப் பேசத் தெரிந்தவர்தான் ஜெயிப்பார். கூச்ச சுபாவமுள்ள நல்ல மனுஷி பின்தங்கிவிடுவார். உண்மைதான். அதனால்தான் மைக் பிரசாரம் தேவையில்லை என்கிறோம். ஒரு தாய் இன்னொரு தாயிடம் பள்ளி வாசலில், ரேஷன் கடை வரிசையில், நூறு நாள் வேலைத் தளத்தில் பேசுவதும் பிரசாரம்தான். "நான் நிக்கலாம்னு இருக்கேன். டாய்லெட் கதவ சரிபண்ணச் சொல்லி முதல்ல தீர்மானம் போடுவேன்" என்றால் போதும். அதற்கு மேடைப் பேச்சு வேண்டாம்.

மூன்றாவது, பெண் தலைவர், ஆனால் பேசுவது கணவர் என்ற பிரச்சினை. ஊராட்சிகளில் பார்த்துப் பழகிய கதை. இதற்கும் மருந்து போட்டிதான். தேர்வுக்கு முன்னால் அந்த அம்மா தானே எழுந்து, இரண்டு நிமிடம் தன் குரலில் பேசியிருந்தால், அடுத்த கூட்டத்தில் கணவர் வந்து அவர் நாற்காலியில் உட்காரும்போது கேட்க நாலு பேர் இருப்பார்கள்.

இப்போது ஏன் இது கூடுதல் முக்கியம்?

திண்டுக்கல் உட்பட 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகள் 2019 டிசம்பர் தேர்தலில் வந்தவர்கள். அவர்கள் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. புதுத் தேர்தல் நடத்தாமல் தனி அலுவலர்களிடம் பொறுப்பு போனது. எஸ்எம்சியில் உள்ளாட்சிப் பிரதிநிதிக்கு இடம் உண்டு. கிராமத்தில் பிரதிநிதியே இல்லாதபோது அந்த நாற்காலியின் அர்த்தம் என்ன? தெருக்குழாய்க்கும் தெருவிளக்கும் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் ஊர் நின்ற அந்த நாட்களில், மக்கள் தேர்ந்தெடுத்த குழு என்று கிராமத்தில் மிஞ்சியவற்றில் எஸ்எம்சியும் ஒன்று. இவ்வளவு எடையுள்ள குழுவின் தலைவரை அரை மணி நேரத்தில் முடிவு செய்வது சரியா?

என்ன செய்யலாம்?

பெரிய சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை. காசும் செலவில்லை. பள்ளிக் கல்வித் துறை அடுத்த மறுகட்டமைப்புக்கான வழிகாட்டுதலில் நாலு வரி சேர்த்தால் போதும்.

1. கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பே அறிவிப்பு. பிள்ளையின் பையில் மட்டும் இல்லை. ரேஷன் கடை, அங்கன்வாடி, மில் வாசல், பஸ் நிறுத்தம் எல்லா இடத்திலும்.

2. தலைவராக விரும்புகிறவர்கள் பெயரை மூன்று நாள் முன்பே பள்ளிப் பலகையில் எழுதிவைப்பது. யாரும் வரவில்லை என்றால் அதையும் எழுதிவைப்பது.

3. கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடம். பிறகு பெற்றோர் கேள்வி கேட்கப் பத்து நிமிடம். ஒருவர்தான் நிற்கிறார் என்றாலும் அவரும் பேச வேண்டும், பதில் சொல்ல வேண்டும்.

4. கை தூக்குவதற்குப் பதில் சீட்டு. பக்கத்து வீட்டுக்காரர், முதலாளி, கந்து வட்டிக்காரர் யார் பார்க்கிறார்கள் என்று பயப்படாமல் எழுதலாம். எழுதத் தெரியாதவருக்கு ஆளுக்கு ஒரு நிறச் சீட்டு வைக்கலாம்.

கூடாதவையும் நாலு: கட்சிக் கொடி, சாதிச் சங்கத்தின் பெயர், பரிசுப் பொருள், பிள்ளைகளை வைத்து ஓட்டுக் கேட்பது. இதில் எது நடந்தாலும் பெயர் நீக்கம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும்.

கூட்ட நேரமும் மாற வேண்டும். ஷிப்ட் வேலை உள்ள ஊரில் ஒரே நேரத்தில் எல்லோரையும் வரச் சொன்னால், வர முடிந்தவர்களின் பள்ளியாகத்தான் அது மாறும். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று சீட்டுப் போட வழி செய்தால் என்ன குறைந்துவிடும்?

பெற்றோர் என்ன கேட்க வேண்டும்?

அரசு எதையும் மாற்றாவிட்டாலும், அடுத்த கூட்டத்துக்குப் போகும் பெற்றோர் இந்தக் கேள்விகளைக் கையில் எடுத்துப் போகலாம்:

"போன குழு போட்ட தீர்மானங்கள்ல எது நடந்துச்சு, எது நிக்குது?" தீர்மானங்கள் அரசின் பெற்றோர் செயலியில் பதிவாகின்றன, கேட்டால் காட்ட வேண்டும்.

"மானியம் எவ்வளவு வந்துச்சு, எதுக்குச் செலவாச்சுன்னு போர்டுல எழுதிப் போடுவீங்களா?"

"போன வருஷம் பாதியில நின்ன பிள்ளைங்க யாரு? அவங்க வீட்டுக்கு யாராவது போனீங்களா?" மில் வேலைக்கும் சின்ன வயதுக் கல்யாணத்துக்கும் பெண் பிள்ளைகளை இழக்கும் ஊர்களில் இதைவிட முக்கியமான கேள்வி இல்லை.

"கூட்டத்துக்கு வர முடியாத பெற்றோருக்கு எப்படித் தகவல் சொல்வீங்க?"

"ஒரு ஆசிரியர் மேல புகார் வந்தா, அதை எங்கே, எப்படி எடுத்துட்டுப் போவீங்க? பிள்ளையோட பேர் வெளிய வராமப் பாத்துக்குவீங்களா?"

"ஆறு மாசம் கழிச்சு இதே இடத்துல நின்னு கணக்குச் சொல்வீங்களா?"

இந்த ஆறுக்கும் பதில் சொல்ல முயல்கிறவர் தோற்றாலும் நஷ்டம் இல்லை. அந்தக் கேள்விகள் கூட்டத்தில் கேட்கப்பட்டுவிட்டன, ஜெயித்தவர் காதிலும் விழுந்திருக்கும். பிரசாரத்தால் கிடைக்கும் உண்மையான லாபம் இதுதான். யார் தலைவர் என்பதோடு, எதற்காகத் தலைவர் என்பதும் நாலு பேர் முன்னால் பதிவாகிறது. வாக்குறுதி கொடுக்காதவரிடம் பிறகு போய் எதைக் கேட்பது?

திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல பூட்டு என்றால் சரியான சாவிக்கு மட்டும்தான் திறக்கும் என்று நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். அரசுப் பள்ளியின் சாவிக்கொத்தில் ஒன்றைச் சட்டம் பெற்றோர் கையில் கொடுத்துப் பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகிறது. அடுத்த கூட்ட அறிவிப்பு வரும்போது, பெயர்ப் பட்டியல் தயாராவதற்கு முன்னால், "நான் நிக்கிறேன்" என்று ஒரு அம்மா சொல்லட்டும். "அப்ப நானும் நிக்கிறேன்" என்று இன்னொருவர் சொன்னால் இன்னும் நல்லது.